பொலிஸில் எழுதப்பட்ட வாக்குமூலம் சாட்சியமாகுமா?

ஒருவரைப் பொலிஸார் கைது செய்து கொண்டு செல்கின்றனர். உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியே இருக்கும் உம்மாவுக்கும் தெரியாது, வாப்பாவுக்கும் தெரியாது. சில வாரங்களின் பின்னர், "குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்" என்ற செய்தி வருகிறது. அவ்வாறு பெறப்பட்ட ஒப்புதலை வைத்து ஒரு மனிதனைப் பல்லாண்டுகள் சிறையில் அடைக்கலாமா?

இக்கேள்விக்கு எமது நாட்டின் சட்டம் நூறாண்டுகளுக்கு முன்பே விடை கூறிவிட்டது. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் கூறிய குற்ற ஒப்புதலை, கூறியவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. இதை இயற்றியது ஆங்கிலேய ஆட்சி. அவர்கள் நம்மீது கொண்ட அன்பினால் இதைச் செய்யவில்லை. ஆளைப் பிடித்து வைத்திருப்பவரும், கேள்வி கேட்பவரும், பதிலை எழுதிக்கொள்பவரும் ஒருவரே என்றால், அந்த எழுத்தை நம்பி ஒருவனைத் தண்டிக்க முடியாது என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார்கள். ஒருவர் தாமாக விரும்பி ஒப்புக்கொள்வதாயின், நீதவான் முன்னிலையில் அதைச் செய்யலாம். அந்த வழி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இத்தகைய நாட்டில்தான், பொலிஸில் எழுதப்பட்ட வாக்குமூலத்தையே முழுச் சாட்சியமாகக் கொண்டு மனிதர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இது எவ்வாறு நடந்தது? இதை மாற்ற யார் பாடுபட்டார்கள்? நாம் என்ன செய்ய வேண்டும்? இவற்றை அறிந்திருப்பது இன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியமாகியுள்ளது.

முதலில் பட்டவர்கள் சிங்கள இளைஞர்கள்

இந்த வரலாறு 1979 இல் தொடங்கியதென்றே பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி.யின் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர், ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமப்புறச் சிங்களப் பிள்ளைகள். அவர்களை விசாரிப்பதற்கென 1972 இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டம் கொண்டுவரப்பட்டது. வழமையான சாட்சிய விதிகள் ஒதுக்கி வைக்கப்பட்டன. பொலிஸில் பெற்ற ஒப்புதல் வாக்குமூலங்களும் ஏற்றுக்கொள்ளப்பட்டன.

அந்த வேளையில்தான், 1971 ஆம் ஆண்டு, சிவில் உரிமைகள் இயக்கம் தோன்றியது. நாடக மேதை பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர, குருணாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, புகழ்பெற்ற தமிழ்ச் சட்டத்தரணி எஸ். நடேசன், நீண்ட காலம் செயலாளராகப் பணியாற்றிய சட்டத்தரணி சூரியா விக்கிரமசிங்க போன்றோர் அதில் உழைத்தார்கள். கிளர்ச்சிக்காரர்களின் கொள்கையை இவர்கள் ஏற்றவர்களல்லர். ஆயினும், எத்தகைய குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் நியாயமான விசாரணை உண்டு என்பதில் உறுதியாக நின்றார்கள். சிங்கள இளைஞர்களின் உரிமைக்காகத் தமிழ்ச் சட்டத்தரணி ஒருவர் குரல் கொடுத்த காலம் அது. இன்றைய தலைமுறை இதை அறியாது.

1977 இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதன்கீழ் தண்டனை பெற்ற ரோகண விஜேவீர உட்படப் பலர் விடுதலையாயினர். தீமை ஒழிந்ததென்று மக்கள் நினைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அது வேறு பெயரில் திரும்பி வந்தது.

தற்காலிகம் நிரந்தரமாகியது

1979 ஜூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் முழுப் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற சொல் உண்டு. மூன்றாண்டுகளுக்கு மட்டும் என்று கூறியே அது கொண்டுவரப்பட்டது. 1982 இல் ஒரு திருத்தத்தின் மூலம் அந்த எல்லை நீக்கப்பட்டது. பெயரில் மட்டும் "தற்காலிகம்" என்ற சொல் எஞ்சியது.

இச்சட்டம் வழமையான சட்டத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? மூன்று விடயங்களை விளங்கிக்கொண்டால் போதும்.

முதலாவது, காலம். சாதாரணமாக ஒருவரைக் கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். இச்சட்டத்தில் அது 72 மணித்தியாலம். அதற்கிடையில் அமைச்சர் தடுப்புக் காவல் உத்தரவில் கையொப்பமிட்டால், மூன்று மாதங்களுக்கு வைத்திருக்கலாம். அதை மீண்டும் மீண்டும் நீடித்து 18 மாதங்கள் வரை கொண்டு செல்லலாம் என்றிருந்தது. 2022 ஆம் ஆண்டின் திருத்தம் இதை 12 மாதங்களாகக் குறைத்தது.

இரண்டாவது, பிணை. கீழ் நீதிமன்றம் வழமைபோல் பிணை வழங்க இச்சட்டம் இடமளிக்கவில்லை. விசாரணை தொடங்காமலே ஆண்டுகள் கழிந்தன.

மூன்றாவதே மிகப் பாரதூரமானது. 16 ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ள ஒருவரிடம் கூறிய ஒப்புதல், நீதிமன்றத்தில் சாட்சியமாகும். "அடித்துப் பெற்றார்கள்" என்று சந்தேகநபர் கூறினால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. நான்கு சுவர்களுக்குள், சட்டத்தரணியோ சொந்தக்காரரோ அருகில் இல்லாத இடத்தில் நடந்ததற்கு, அந்த மனிதன் யாரைச் சாட்சிக்கு அழைப்பான்?

ஒரு கைநாட்டும் முப்பத்தைந்து ஆண்டுகளும்

இதன் விளைவை அறிய சிங்கராசா வழக்கு ஒன்றே போதும். மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த இந்தத் தமிழ்க் கூலித் தொழிலாளி 1993 இல் கைதானார். இராணுவ முகாம்களைத் தாக்கச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. அவருக்கு எதிராக இருந்த ஒரே சாட்சியம், அவர் கூறியதாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம். அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அதன் அடியில் இருந்தது அவரது பெருவிரல் அடையாளம்.

1995 இல் மேல் நீதிமன்றம் அவருக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1999 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 35 ஆண்டுகளாகக் குறைத்தது. உள்நாட்டில் வழிகள் அடைபட்ட பின்னர், அவரது வழக்கு ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவுக்குச் சென்றது. வாக்குமூலம் விருப்பத்துக்கு மாறாகப் பெறப்பட்டதென்பதை நிரூபிக்கும் சுமையை அவர் தலையில் ஏற்றியது நியாயமான விசாரணைக்கு முரணானது என்று 2004 இல் அக்குழு கூறியது. ஆனால் 2006 இல் எமது உயர் நீதிமன்றம், அக்குழுவிடம் முறையிட வழிவகுத்த உடன்படிக்கையில் ஜனாதிபதி இணைந்ததே அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. சர்வதேசக் குழுவின் கருத்தினால் அந்த ஏழைத் தொழிலாளிக்கு விமோசனம் கிடைக்கவில்லை.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நோயல்ல. இந்தியாவிலும் தடா சட்டம், பொலிஸ் அதிகாரியிடம் கூறிய ஒப்புதலைச் சாட்சியமாக்கியது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 19 வயதில் கைதான பேரறிவாளன், அத்தகைய வாக்குமூலத்தின் பலத்தில் மரண தண்டனை பெற்றார். இரண்டு மின்கலங்களை வாங்கிக் கொடுத்தார் என்பதே அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த மத்தியப் புலனாய்வு அதிகாரியே 2013 இல், ஓய்வு பெற்ற பின்னர், வெளிப்படையாகக் கூறினார். தாயார் அற்புதம்மாள் படியேறாத வாசல் இல்லை. 31 ஆண்டுகள் கழிந்து, 2022 மே மாதத்தில்தான் இந்திய உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுதலை செய்தது. எழுதாமல் விடப்பட்ட ஒரு வசனத்தின் விலை அது. தடா சட்டத்தை இந்தியா 1995 இலேயே காலாவதியாக விட்டுவிட்டது என்பதும் கவனிக்கத்தக்கது.

எமது வாசலுக்கு வந்தபோது

தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும் என்பார்கள். நீண்ட காலம் இச்சட்டம் தமிழருடைய பிரச்சினை என்றே எம்மவரில் பலர் எண்ணியிருந்தோம். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி நடந்த கொடூரத் தாக்குதல்களின் பின்னர் நிலைமை மாறியது. 250 க்கும் அதிகமான அப்பாவி உயிர்களைப் பறித்த அப்பாதகத்தைச் செய்தோரும் அவர்களுக்குத் துணை போனோரும் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்தில்லை. ஆனால் வலை வீசப்பட்ட விதத்தில் சம்பந்தமே இல்லாதவர்களும் அகப்பட்டனர்.

ஹஸலக்கவில் ஒரு குடும்பப் பெண், தமது உடையில் கப்பற் சுக்கான் படம் இருந்ததற்காகக் கைதானார். அதைத் தர்மச் சக்கரம் என்று யாரோ கூறியதே காரணம். சிவில் மற்றும் அரசியல் உரிமைகளைக் காப்பதற்கென 2007 இல் இயற்றப்பட்ட சட்டமே அவருக்கு எதிராகப் பயன்பட்டது. அதே சட்டம், முகநூலில் எழுதிய ஒரு பதிவுக்காக 2020 இல் ரம்ஸி ராஸிக் மீதும் பாய்ந்தது. அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதென 2023 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, நஷ்டஈடு வழங்குமாறு உத்தரவிட்டது.

சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் 2020 ஏப்ரலில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். 2022 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை வழங்கும் வரை, ஏறத்தாழ 22 மாதங்கள் உள்ளே இருந்தார். சட்டம் படித்தவருக்கே இந்த நிலை என்றால், பாமரரின் நிலை எப்படியிருக்கும்?

இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீமின் கதை தமிழ் வாசகர்களுக்கு மேலும் உறைக்கும். அவர் எழுதிய 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்று கூறி, 2020 மே மாதத்தில் கைது செய்தனர். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அந்நூலில் இருந்தன. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பத்தொன்பது மாதச் சிறைவாசத்தை யார் திருப்பித் தருவது?

இச்சட்டம் எம்மோடும் நிற்கவில்லை. 2022 இன் மக்கள் போராட்டத்துக்குப் பின்னர், பல்கலைக்கழக மாணவர் தலைவர் வசந்த முதலிகேயும், கல்வெவ சிறிதம்ம தேரரும் இதே சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டனர். 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய முஸ்லிம் இளைஞர் ஒருவர் மீதும் இது பிரயோகிக்கப்பட்டது; ஏப்ரலில் அவர் விடுவிக்கப்பட்டார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று சுற்றிச் சுற்றி வந்து, பிக்குவையும் விடவில்லை. ஓர் இனத்தாருக்காகச் செய்த பொறி என்று ஒன்றில்லை. வைத்துவிட்டால், நடப்பவர் யாராயினும் காலைக் கவ்வும்.

ஹெவ்லொக் டவுனிலிருந்து எழுந்த குரல்கள்

எமது வாசகர்கள் பலர் பிள்ளைகளைப் பாடசாலைக்கு விடவும், வெள்ளவத்தைக்குச் சாமான் வாங்கவும் ஹெவ்லொக் வீதியால் நாளாந்தம் போய் வருகிறார்கள். அந்தப் பெருவீதியின் இரைச்சலுக்குச் சற்று உள்ளே, கொழும்பு 5 இன் அமைதியான தெருக்களில், இந்தப் போராட்டத்தின் பெரும் பகுதி நடந்திருக்கிறது. முன்னர் கூறிய சிவில் உரிமைகள் இயக்கம், டொன் கரோலிஸ் வீதி முகவரியிலிருந்துதான் நீண்ட காலம் தனது அறிக்கைகளை வெளியிட்டது. 1996 இல் தொடங்கப்பட்ட மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம், இப்போது லேயாட்ஸ் வீதியில் இயங்குகிறது.

இவர்களது ஆயுதம் காகிதமும் பேனையும்தான். புதிய சட்டமூலம் வர்த்தமானியில் வந்தவுடன் வாசகம் வாசகமாகப் படிப்பது, பொதுமக்களுக்கு விளங்கும் மொழியில் விளக்குவது, உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்வது. இதனால் என்ன பயன் என்று கேட்போருக்கு, அயலில் நடந்த ஒன்றையே எடுத்துக் காட்டலாம்.

2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குப் பக்கம் அனுப்பினர். வைத்தியத்துக்கு வந்தவர்களும், வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். குற்றச்சாட்டு எதுவுமில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உடனே உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. மறுநாளே, ஜூன் 8 ஆம் திகதி, இந்த வெளியேற்றத்தை நிறுத்துமாறு நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. சில நாட்களில் அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

முஸ்லிம்களின் விடயத்திலும் அது நடந்தது. 2021 மார்ச்சில், தீவிர மதக் கருத்துடையவர் எனச் சந்தேகிக்கப்படுபவரை வழக்கு விசாரணையின்றியே இரண்டாண்டுகள் வரை புனர்வாழ்வு நிலையத்தில் வைக்க ஒழுங்குவிதிகள் வெளியாயின. அதற்கெதிராக அந்நிலையமும் வேறு சிலரும் தாக்கல் செய்த மனுக்களின் பேரில், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் அவற்றை இடைநிறுத்தியது. எம்மில் எத்தனை பேர் அந்த மனுதாரர்களின் பெயரை அறிவோம்?

புதிய சட்டம் வந்தால் போதுமா?

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று கூறாத அரசாங்கம் அண்மைக் காலத்தில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையும் இதனோடு பிணைந்திருக்கிறது. ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களின் சம்பளத்தையும் தொடும் விடயம் இது. ஆயினும் நீக்கம் என்று தொடங்கியது ஒவ்வொரு முறையும் வேறொரு சட்டத்தின் வரைவாகவே முடிந்தது. 2018 இல் ஒரு சட்டமூலம் வந்து நின்றது. 2023 மார்ச்சில் இன்னொன்று வந்தது. அதன் முதல் வரைவில் மரண தண்டனையும் இருந்தது. கடும் எதிர்ப்பின் பின்னர் திருத்திய வரைவில் அது நீக்கப்பட்டது. 2024 இல் பாராளுமன்றம் கலைந்ததோடு அச்சட்டமூலமும் போனது.

2024 இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி, இச்சட்டத்தை ஒழிப்பதாகத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் வாக்களித்திருந்தது. அதன் முதன்மைக் கட்சியான ஜே.வி.பி.தான் 1972 இன் சட்டத்தால் முதலில் பாதிக்கப்பட்ட கட்சி. 2025 இல் ஜனாதிபதி சட்டத்தரணி ரியென்சி அர்சகுலரத்ன தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நீதி அமைச்சு ஒரு புதிய வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்துக்களைக் கோரியது.

எந்த வரைவு வந்தாலும், பெயரைப் பார்த்து ஏமாறாமல், இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

1. பொலிஸில் கூறிய ஒப்புதல் எந்த வடிவத்திலாவது சாட்சியமாகிறதா?
2. கைதானவர் எத்தனை மணித்தியாலத்துக்குள் நீதவானைக் காண்பார்?
3. தடுப்புக் காவல் உத்தரவில் கையொப்பமிடுபவர் யார்? நீதிபதியா, அமைச்சரா, அதிகாரியா?
4. "பயங்கரவாதம்" என்ற சொல்லுக்குள் வேலைநிறுத்தமும், ஊர்வலமும், ஒரு கவிதையும் அடங்கிவிடுமா?
5. சட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டா? இன்றேல், தற்காலிகம் மீண்டும் நாற்பது ஆண்டுகளாகுமா?

குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டியவை

சட்டம் மாறும் வரை கை கட்டி இருக்க முடியாது. இருக்கும் பாதுகாப்புகளையாவது தெரிந்து வைத்திருப்போம்.

* கைதுக்கான காரணத்தைக் கேட்டறியும் உரிமையை அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை தந்துள்ளது. அமைதியாக, ஆனால் தெளிவாகக் கேளுங்கள்.
* கைது செய்பவர் தமது பெயரையும் பதவியையும் கூற வேண்டும் என்றும், கைதுக்கான பற்றுச்சீட்டை உறவினருக்கு வழங்க வேண்டும் என்றும் 2006 ஆம் ஆண்டின் ஜனாதிபதிப் பணிப்புரைகள் கூறுகின்றன. பெண்ணையோ பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரையோ கொண்டு செல்லும்போது, உடன் செல்ல ஒருவரை அனுமதிக்குமாறும் அவை பணிக்கின்றன.
* வாக்குமூலத்தைத் தமது தாய்மொழியில் கொடுக்கலாம். விளங்காத மொழியில் எழுதிய எதிலும் கையொப்பமிடலாகாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். சிங்கராசா வழக்கு தரும் பாடம் இதுவே.
* பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ஒருவரைக் கைது செய்தால், 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம். அறிவித்தார்களா என்று நீங்களே ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். அதன் அவசரத் தொலைபேசி இலக்கம் 1996.
* சித்திரவதை செய்வது 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி ஏழாண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்குரிய குற்றம். காயங்கள் இருப்பின், நீதவானிடமும் சட்ட வைத்திய அதிகாரியிடமும் மறைக்காமல் கூற வேண்டும்.
* அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. "பிறகு பார்ப்போம்" என்று இருந்து தவணை தவறவிட்டோர் அநேகர்.

இறுதியாக ஒன்று. கைதானவரின் வீட்டுக்குப் போகப் பயந்து, அயலவரும் உறவினரும் ஒதுங்கிக்கொள்ளும் வழக்கம் எம்மிடையே இருக்கிறது. கணவன் உள்ளே, வருமானம் இல்லை, பிள்ளைகளுக்குப் பாடசாலையில் பேச்சு, இவற்றுக்கு மேலாகச் சமூகத்தின் மௌனம். குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதியே என்பது நீதிமன்றத்துக்கு மட்டும் உரிய விதியன்று. நம் தெருவுக்கும் உரியது. சட்டத்தரணிக்கு வழி காட்டுவதும், அடுப்பெரிகிறதா என்று பார்ப்பதும், பிள்ளையின் படிப்பு நிற்காமல் கவனிப்பதும் எவராலும் முடியும்.

அந்த வீடு எந்த இனத்தவருடையது என்று பார்க்காமல் இதைச் செய்வோமாயின், 1971 இல் சிங்களப் பிள்ளைகளுக்காக எழுந்து நின்ற அந்தச் சிலரின் வழியில் நாமும் ஓரடி வைத்தவர்களாவோம். சட்டங்களைத் திருத்த வேண்டியது பாராளுமன்றம். திருத்தவேண்டும் என்று ஓயாது கேட்க வேண்டியவர்கள் நாம்.